சொன்னதும் சொல்லாமல் சொன்னதும்

வணக்கம் அம்மா.

சனிக்கிழமை காசிமேட்டிலிருந்து மகளை அழைத்து வந்தீர்கள். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கிளாட்டின் மாதிரித் தாளில், கதைப்பகுதிக் கேள்விகளைச் சுற்றி வரிசையாகச் சிவப்பு வட்டங்கள். “மற்றதெல்லாம் நன்றாகச் செய்கிறாள், இதில் மட்டும் கோட்டை விடுகிறாள். சட்டப் படிப்பு ஒத்துவராதோ?” என்று கலங்கினீர்கள். ஒத்துவரும்.

பயிற்சி மையத்தில் எவ்வளவு கேட்கிறார்கள் என்று நான் விசாரித்தபோது, நீங்கள் முந்தானையை இழுத்து வளையல் இல்லாத கையை மூடிக்கொண்டீர்கள். உடனே அவள், “வீட்டிலேயே படித்துக்கொள்கிறேன் சார்” என்றாள். நீங்கள் வாய் திறக்கவில்லை, அவளுக்குப் புரிந்துவிட்டது. பொருள் வெளிப்படையாகவும் நிற்கும், குறிப்பாகவும் தோன்றும் என்று தொல்காப்பியப் பெயரியல் சொல்வது இதைத்தான். அந்தக் கூர்மை அவளிடம் இருக்கிறது.

பிறகு எங்கே தவறுகிறாள்? அன்று நான் எழுதிக் கொடுத்த நான்கு வரிகளைப் பாருங்கள்.

“விடிந்ததும் விசைப்படகு கரை சேர்ந்தது. அப்பா கூடையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு, மளிகைக்கடைத் தெருவை விட்டுச் சுற்றுவழியில் வீட்டுக்கு வந்தார். அம்மா உலை வைத்திருக்கவில்லை. ‘எனக்குப் பசியில்லை’ என்றார் அப்பா.”

படகு வந்தது, அப்பா சுற்றி வந்தார், பசியில்லை என்றார். இவை சொன்னவை. மீன்பாடு இல்லை, கடையில் பாக்கி நிற்கிறது, அவருக்குப் பசிக்கிறது. இவை சொல்லாமல் சொன்னவை.

உங்கள் மகள் “மீன்பிடித் தடைக்காலம்” என்று எழுதினாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், வீடு படும் பாட்டை அறிந்த பிள்ளை. அந்த நினைவு முந்திக்கொண்டது. ஆனால் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்கே போகாது. இங்கே போய்த் திரும்பியிருக்கிறது. “கடைக்காரரோடு சண்டை” என்றும் எழுதியிருந்தாள். சுற்றுவழியை மட்டும் பார்த்தால் அப்படியும் தோன்றும். ஏறாத உலையையும் சேர்த்துப் பார்த்தால்தான் பாக்கி என்று தெரியும். ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள், அடுத்த வரி வரை காத்திருப்பதில்லை. சரிசெய்யக்கூடிய பழக்கம்தான் இது.

தினமும் ஒரு சிறுகதையில் ஒரு பக்கம் போதும். நோட்டில், தான் ஊகித்ததை எழுதட்டும். எதிரே, அப்படி நினைக்க வைத்த சொற்களைக் கதையிலிருந்தே எடுத்து எழுதட்டும். சொல் கிடைக்காத ஊகத்தை அடித்துவிடட்டும். ஆவணத்தை வைத்து வாதாடும் வழக்கறிஞருக்கும் இதே வேலைதான்.

கிளாட் தேர்வில் 2 மணி நேரத்தில் 120 கேள்விகள், பத்தியைப் படித்தே விடை சொல்ல வேண்டும். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு அதுதான் வழி. அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும், நுழைவுத் தேர்வு கிடையாது.

அதனால் பயிற்சி மையத்துக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டோடு அவளை அழைத்து வாருங்கள்.