கரு ஸ்டெம் செல்லில் ஒரு ஜீனின் வேலையை அறிய, அதை அடியோடு நீக்காமல் ஏன் அடக்கிப் பார்க்கிறார்கள்?

சில வருடங்கள் எலியின் கரு ஸ்டெம் செல்களை, அதாவது உடலின் எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய ஆரம்பக் கருவின் செல்களை, வளர்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நீக்கியும் பார்த்தார்கள். செல்லை ஸ்டெம் செல்லாக வைத்திருக்கும் ஆக்ட்4 ஜீன் இல்லாத எலிக்கருவில், ஸ்டெம் செல் எடுக்க வேண்டிய உட்செல் திரளே சரியாக அமையவில்லை என்று 1998-இல் தெரிந்தது. செல்லே கிடைக்காவிட்டால் எதை வைத்து ஆராய்வது? அதனால்தான் முதலில் நல்ல செல்லை வளர்த்துக்கொண்டு, அப்புறம் ஜீனை அடக்குகிறோம்.

இன்னொரு காரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது: அளவு. ஹிதோஷி நிவா குழுவினர் 2000-இல் டெட்ராசைக்ளின் என்ற மருந்தைக் கொடுத்தால் ஆக்ட்4 அணையும்படி செல்களை அமைத்தார்கள். அது அணைந்ததும் செல்கள் நஞ்சுக்கொடிப் பக்கம் போகும் வகையாக மாறின. சரி, கூட்டினால் இன்னும் உறுதியாக ஸ்டெம் செல்லாகவே நிற்குமா? இல்லை. இரண்டு மடங்குகூட ஆகாத கூடுதலிலேயே வேறு திசுக்களாக மாறத் தொடங்கின. இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

அடக்குவதற்குப் பல சமயம் சுமார் 21 எழுத்து (அதாவது மரபுக் குறியீட்டின் அலகு) நீளமுள்ள இரட்டை இழை ஆர்என்ஏவைச் செலுத்துவோம். ஜீன் அப்படியே இருக்கும். அதிலிருந்து புரதம் செய்யும் குறிப்பை எடுத்துச் செல்லும் தூது ஆர்என்ஏ வெட்டுப்படும், புரதம் குறையும். நல்ல நிலையில் இருக்கும் செல் கூட்டம் மைக்ரோஸ்கோப்பில் சின்னக் குமிழ் மாதிரி, ஓரம் பளபளவென்று தெரியும். ஆக்ட்4 குறைந்த சில நாட்களில் அந்தக் குமிழ் தட்டையாகி, செல்கள் அகலமாகப் பரவிவிடும்.

இந்தக் காட்சியை மட்டும் நம்பி ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். ஒரு ஜீனை அடக்கியதும் கூட்டங்கள் தட்டையாயின. மகிழ்ச்சியோடு, ஜீனை அடக்காத செல்கள் இருக்கும் ஒப்பீட்டுத் தட்டைப் பார்த்தால், அதுவும் அப்படியே. இவற்றை ஸ்டெம் செல்லாக வைத்திருக்க, செல் வளரும் ஊட்டத் திரவத்தில் சேர்க்கும் லிஃப் புரதம் வீரியம் இழந்திருந்தது. இரண்டு வார வேலை போயிற்று.

ஒப்பீட்டுத் தட்டு நன்றாக இருந்தாலும் போதாது. அந்தச் சிறு ஆர்என்ஏ வேறு ஜீன்களையும் தொட்டிருக்கலாம். அது பிடிக்க முடியாதபடி எழுத்துகளை மாற்றி, அதே புரதத்தைத் தரும் ஜீனைத் திரும்பக் கொடுக்க வேண்டும். குமிழ் வடிவம் மீண்டால்தான் நான் நம்புவேன்.

நீக்கும் முறை வேண்டாம் என்று சொல்லவில்லை. நானாக் ஜீன் இல்லாவிட்டால் ஸ்டெம் செல் நிலை நிற்காது என்றே 2003-இல் கருதினார்கள். 2007-இல் அதை ஏற்கெனவே வளர்த்துவைத்த ஸ்டெம் செல்லிலிருந்து முழுதாக நீக்கிப் பார்த்தபோது, செல்கள் எளிதில் மாறக்கூடியவையாக இருந்தனவே தவிர, ஸ்டெம் செல்லாகவே தொடர்ந்து பெருகவும் செய்தன.