பாலைவன தேசியப் பூங்காவில் ஓவியர்களைத் தங்கவைக்கிறார்களாமே, சம்பளம் உண்டா?

சம்பள வேலை என்று நினைத்துக் கிளம்பிவிடாதீர்கள். அரிசோனாவில் உள்ள பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் மாதிரி அமெரிக்கப் பூங்காக்களில் சில வாரம் தங்க ஒரு வீடு தருவார்கள், சில இடங்களில் கொஞ்சம் உதவித்தொகையும் உண்டு, மற்றபடி சாப்பாடும் பயணமும் பெரும்பாலும் நம் கைக்காசுதான். பதிலுக்கு, பார்வையாளர்களிடம் ஒரு நாள் பேச வேண்டும் அல்லது வரைந்து காட்ட வேண்டும். பல பூங்காக்கள் ஒரு படைப்பையும் கேட்கும். ஒப்பந்தத்தில் அதன் உரிமை யாருக்கு என்ற பத்தியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட்டில் வரைய என்ன இருக்கிறது என்றால், 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வெளியே பட்டை மாதிரியே இருக்கும், வெட்டுமுகத்தில் பார்த்தால் இரும்பு கலந்த சிவப்பும் மஞ்சளும். ஒரு சில்லைக்கூடப் பையில் போடக் கூடாது, சட்டப்படி குற்றம்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். மார்ச் மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பனைமரத்தடியில் உட்கார்ந்து நீர்வண்ணம் போட்டுப் பாருங்கள், தூரிகையை மறுபடி நனைப்பதற்குள் முதல் பூச்சு காய்ந்து விளிம்பு கட்டிவிடும். பாலைவனத்தின் வறண்ட காற்றிலும் அதே தொல்லைதான், இன்னும் மோசமாக. அதனால் தண்ணீர் தெளிக்கிற பாட்டில், தடித்த காகிதம், அப்புறம் ஒரு ஸ்வெட்டர். ராத்திரி குளிரும், சிரிக்காதீர்கள்.