போட்டி முடிந்த மறுநாள்

கேள்வி: 2030 காமன்வெல்த் போட்டிகளை நடத்தும் வாய்ப்பு அகமதாபாத்துக்குக் கிடைத்துவிட்டது, 2036 ஒலிம்பிக்கையும் இந்தியா கேட்கிறது. நாகர்கோவிலில் 40,000 பேர் அமரும் மைதானம் ஒன்றைக் கட்டி, ஒரு சர்வதேசப் போட்டியையாவது வரவழைத்தால் குமரி மாவட்டத்துக்கு நிரந்தரப் பயன் கிடைக்காதா?
– கொல்லங்கோட்டிலிருந்து ஒரு வாசகர்

பதில்: மைதானம் நிரந்தரமாக நிற்கும், ஐயமில்லை. பயனும் கூடவே நிற்குமா என்பதில்தான் எனக்குத் தயக்கம். ஆண்பிள்ளை பிள்ளை பெறுவது எப்படி நடவாத காரியமோ, ஒலிம்பிக்கில் நட்டம் வருவதும் அப்படித்தான் என்று மார்தட்டியவர் மாண்ட்ரியல் மேயர் ழான் டிராப்போ. அங்கே போட்டி 1976இல் முடிந்தது. கடன் 2006இல்தான் முடிந்தது, அதுவும் பெரும்பாலும் புகையிலை வரியின் புண்ணியத்தால்.

அவ்வளவு தூரம் போவானேன்? களியக்காவிளையைத் தாண்டி, திருவனந்தபுரம் நகரத்தையும் கடந்தால் காரியவட்டம். 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக அங்கே கட்டிய கிரீன்ஃபீல்ட் மைதானத்தில்தான் 2016 ஜனவரியில் இந்தியக் கால்பந்து அணி ஆப்கானிஸ்தானை வென்று தெற்காசியக் கோப்பையைக் கைப்பற்றியது. பின்னர் அது கிரிக்கெட்டின் கைக்குப் போயிற்று. 2023 ஜனவரியில் இலங்கையை 317 ரன் வித்தியாசத்தில் இந்தியா வென்று உலக சாதனை படைத்த நாளிலேயே அங்கே இருக்கைகள் பெருமளவு காலியாகக் கிடந்தன என்றால், மற்ற நாள்களை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எல்லாமே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. 1995இல் சென்னையில் நடந்த தெற்காசியப் போட்டிகளில் யார் எத்தனை பதக்கம் வென்றார்கள் என்பது இன்று யாருக்கும் நினைவில்லை. ஆனால், அதற்காக வேளச்சேரியில் கட்டிய நீச்சல் குளம் அடுத்தடுத்த தலைமுறைக்கும் பயன்பட்டது. லண்டன்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். 2012 ஒலிம்பிக்குக்காக 17,500 இருக்கைகளோடு எழுப்பிய நீச்சல் அரங்கில், 15,000 இருக்கைகளைப் பின்னர் கழற்றி எடுக்கும்படியாகவே வடிவமைத்தார்கள். மிச்சமிருந்த அரங்கை 2014இல் ஊர்மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். மறுநாளைக்கான திட்டத்தை முதல் செங்கல்லுக்கு முன்பே போட்டுவிட்டார்கள்.

மாமல்லபுரத்தில் 2022இல் நடந்த சதுரங்க ஒலிம்பியாடைப் பார்த்து உங்களுக்கு இந்த ஆசை வந்திருக்கக்கூடும். ரஷ்யாவிடமிருந்து கைமாறிய அந்தப் போட்டி ஒரு விடுதி வளாகத்தின் அரங்குகளிலேயே நடந்து முடிந்தது. அங்கே முதல் பலகையில் தங்கம் வென்ற குகேஷ் இரண்டே ஆண்டுகளில் உலக வாகையர் ஆனார் என்பது உண்மை. ஆனால், அவரை அந்தப் போட்டியா உருவாக்கியது? 1961இல் மானுவல் ஆரோன் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற நாளிலிருந்து இங்கே ஊறிவந்த சதுரங்கப் பழக்கம் அவரையும் தந்தது, ஒலிம்பியாடையும் கூப்பிட்டுக் கொண்டுவந்தது.

அத்தகைய பழக்கம் நம் மாவட்டத்திலும் உண்டு. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே உண்டு. மாலையில் தூத்தூர்ப் பகுதிக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள்: நட்டுவைத்த இரண்டு கம்புகளுக்கு நடுவே கிழிந்த மீன்வலை கட்டியிருக்கும், ஓங்கி உதைத்த பந்து அலைக்குள் போனால், அது திரும்பி வரும்வரை ஆட்டம் நிற்கும். இந்தியன் சூப்பர் லீக் வரை சென்ற மைக்கேல் சூசைராஜ் அந்தக் கரையைச் சேர்ந்த இரவிபுத்தன்துறைக்காரர். அந்த மணலையும் கடலரிப்பு ஆண்டுதோறும் தின்றுகொண்டிருக்கிறது. ஆகவே, போட்டியே வராவிட்டாலும், அங்கே ஊருக்கு ஒரு புல்தரையும் இரண்டு விளக்குக் கம்பங்களும் ஒரு பயிற்சியாளரும் கேட்டு நீங்கள் கையெழுத்து திரட்டினால், முதல் கையெழுத்து என்னுடையது.

இன்னொன்று: 40,000 இருக்கைகள் என்று எழுதிய நீங்கள் இடத்தை எழுதவில்லை. மலைக்கும் கடலுக்கும் நடுவே நம்மிடம் மிஞ்சியிருப்பது நாஞ்சில் நாட்டு வயல்தான். எந்த வயலை மண்ணிட்டு நிரப்பச் சொல்கிறீர்கள், தேரூரிலா, சுசீந்திரத்திலா?