பதில்: ஆழ வெட்டு கொடுத்தால் சக் நிற்கிறது, மோட்டார் ஓடுகிறது

வணக்கம். லேத் (கடைசல் இயந்திரம்) லேசான வெட்டில் சரியாக ஓடி, 3 மிமீ ஆழம் கொடுத்ததும் சக் (வேலைப்பொருளைப் பிடித்துச் சுற்றும் பாகம்) நிற்கிறது என்றால், மோட்டாரின் சுழற்சியைச் சக்குக்கு இணைத்துவிடும் கிளட்சை உடனே கழற்றிவிடாதீர்கள். முதலில் பெல்ட்டைப் பாருங்கள். சக் நிற்கும் நொடியில் ஹெட்ஸ்டாக் (சக்கைச் சுற்றும் கியர் பெட்டி) புல்லியும் நின்றால் வழுக்குவது பெல்ட். புல்லி சுற்றிக்கொண்டே இருந்தால் கிளட்ச்தான்.

உங்களுடையது ஆல் கியர் லேத் (வேகத்தைக் கியரால் மாற்றுவது), பிளேட் கிளட்ச் (தட்டுகள் அழுந்திப் பிடிப்பது) என்பதால் மெயின் ஸ்விட்சை அணைத்து, ஹெட்ஸ்டாக் மேல்மூடியைத் திறங்கள். கிளட்ச் மேல் காடி வெட்டிய வளையமும் அதைப் பூட்டும் சின்ன ஸ்பிரிங் பின்னும் தெரியும். பின்னை அழுத்தி ஒரே ஒரு காடி இறுக்குங்கள். அந்த ஸ்பிரிங் பின் திரும்பக் காடியில் விழுந்ததா பாருங்கள். அப்புறம் கிளட்ச் லீவரைப் போடுங்கள். 'டக்' என்று கையில் தட்டி உட்கார வேண்டும். முன்னோட்டத்துக்கும் பின்னோட்டத்துக்கும் தனித்தனி வளையம், மாற்றிவிடாதீர்கள்.

ஆசையில் மூன்று காடி இறுக்கி, நியூட்ரலிலும் சக் மெல்லச் சுற்ற, பிளேட்டைக் கருக்கியவன் நான். ஹெட்ஸ்டாக்கில் கியர் ஆயில் 90 (கெட்டியான எண்ணெய்) ஊற்றியிருந்தால் வடித்துவிட்டு மேனுவலில் உள்ளதை ஊற்றுங்கள். இறுக்கியும் வழுக்கினால் பிளேட் தேய்ந்திருக்கும்.