வன்னியில் வேப்பங்கொட்டைச் சாறு விற்கும் தொழில்: கிழமைக் கட்டுக் கடனில் ஆரம்பிக்கலாமா?

முல்லைத்தீவுப் பக்கம் வேப்பங்கொட்டையில் பூச்சி விரட்டும் சாறு எடுத்து விற்க நினைக்கிறீர்கள். நுண்கடன் கொம்பனியில் ஒரு லட்சம் ரூபாய் தருகிறார்கள், கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும், எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊர் மாதர் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைக் கொஞ்சக் காலம் எழுதியவன் நான். தொழிலைச் செய்யுங்கள், அந்தக் கடனை எடுக்காதீர்கள்.

சாறு எடுப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கச்சான் காற்றடிக்கிற ஆனி, ஆடியில் பழம் கொட்டும். சதையைக் கழுவி எடுத்து, கொட்டையை நிழலில் காயவிட்டு, சணல் சாக்கில் போட்டு வைக்க வேண்டும். பொலித்தீன் பையில் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். அதில் அப்லாடொக்சின் என்ற நஞ்சுகூட உண்டாகலாம். வெளியில் வாங்குவதென்றால் மூட்டையின் அடியில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து உடைத்துப் பாருங்கள். மேலே இருப்பது எப்போதும் நல்ல கொட்டைதான். பருப்பு கறுத்து, தூசி மாதிரிப் பூஞ்சணம் பறந்தால் அந்த மூட்டை வேண்டாம். கொட்டையின் நிறையில் ஏறத்தாழப் பாதிதான் பருப்பு என்பதையும் விலை பேசும்போது மறக்காதீர்கள். 5 கிலோ பருப்பை இடித்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, துணியில் வடித்து 100 லீற்றராக்கி, இலையில் ஒட்டக் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்தால் மருந்து தயார்.

அப்புறம்தான் சிக்கல். இதில் வேலை செய்யும் பொருள் அசாடிராக்டின். வெயில் பட்டால் அது சிதைந்துவிடும், அதனால் பின்னேரம்தான் அடிக்க வேண்டும். தண்ணீரில் எடுத்த சாறு போத்தலில் நாட்கணக்காக நிற்காது, எடுத்த கையோடு அடித்து முடிக்க வேண்டும். அதோடு அது புழுவை உடனே கொல்லாது. தீனைக் குறைக்கும், தோல் உரிக்க விடாது, அவ்வளவுதான். மறுநாள் விடிய கத்தரித் தோட்டத்துக்குப் போகிற கமக்காரர் புழு நெளிவதைக் கண்டால், "உன்ர மருந்து வெறும் தண்ணி" என்று உங்கள் வாசலுக்கு வருவார். முதலே சொல்லி விற்பது நல்லது.

போத்தலில் அடைத்துப் பூச்சி மருந்து என்று பெயர் ஒட்டி விற்பதென்றால் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு வேண்டும். ஒரு லட்சம் முதலோடு அந்தப் பக்கம் போகாதீர்கள். காயவைத்துத் தெரிந்தெடுத்த கொட்டையைக் கிலோக் கணக்கில், கமக்காரர் அமைப்புகள் மூலம் கொடுங்கள். சாற்றை அவரவர் எடுத்துக்கொள்ளட்டும். 2021 இல் இரசாயன உரமும் விவசாய இரசாயனங்களும் இறக்குமதி செய்யத் தடை வந்தது, அந்த ஆண்டு நவம்பரிலேயே அதை விலக்கினார்கள். அந்த மாதங்களில் வேப்பங்கொட்டை விற்ற விலையைச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள்.

இனிக் காசு. ஆடியில் கொட்டை வாங்க, கழுவ, காயவைக்கக் கூலி கொடுப்பீர்கள். தோட்டத்தில் பூச்சி விழுவது மழை ஓய்ந்து மார்கழி, தையில். ஏறக்குறைய ஆறு மாதம் உங்கள் முதல் சாக்கிலேயே கிடக்கும். கிழமைக் கட்டோ அடுத்த கிழமையே தொடங்கிவிடும். கொட்டை விற்றுக் கட்ட வழியில்லாதபோது கோழி, முட்டை, கணவரின் கூலி என்று எங்கிருந்தோ எடுத்துக் கட்டுவீர்கள், அதுவும் முடியாவிட்டால் அடுத்த கொம்பனியில் இன்னொரு கடன். எங்கள் சங்கத்துப் பெண்கள் சிலருடைய புத்தகங்களில் ஒருவருடைய பெயரிலேயே மூன்று கடன். 2018 இல் வறட்சி மாவட்டங்களில் பெண்களின் சிறு நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது இதனால்தான்.

வட்டியையும் பாருங்கள். மாதம் 2 வீதம்தான் என்பார்கள். முழுத்தொகைக்கும் கடைசிவரை அதே வட்டி என்றால், ஒரு லட்சத்துக்கு 12 மாதத்தில் 24,000 வட்டி, மாதத்துக்கு 10,333 கட்டு. நீங்கள் முதலைத் திருப்பிக்கொண்டே வருவதால் உண்மையில் ஆண்டுக்கு 42 வீதத்துக்குக் கிட்டவரும். வேப்பங்கொட்டையில் அவ்வளவு இலாபம் எடுப்பது இலேசில்லை.

எனக்குக் கேட்டால், மாதர் சங்கத்தின் சுழற்சிக் கடனோ (ஒருவர் திருப்பிக் கட்டும் காசை அடுத்தவருக்குக் கொடுப்பது) சிக்கன கடன் கூட்டுறவுச் சங்கமோதான் முதல் வழி, விற்ற பிறகு கட்டுகிறேன் என்று பேசிப் பார்க்கலாம். அதுவும் இல்லையென்றால் வங்கியில் ஒரு சோடிக் காப்பை அடைவு வையுங்கள். ஊரில் குறைவாகப் பார்ப்பார்கள்தான், ஆனால் கிழமைதோறும் வாசலில் ஆள் வந்து நிற்காது, விற்றபின் வட்டியோடு மீட்கலாம்.

பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வியாபாரக் கற்கைகள் பீடமும் பிரயோக விஞ்ஞான பீடமும் இருக்கின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்கள் ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் காலத்தில் ஒரு பை கொட்டையோடும் உங்கள் செலவுக் கொப்பியோடும் போய்க் கேளுங்கள். சாற்றின் தரத்தை ஒருவரும், போட்ட முதல் எத்தனை மாதம் முடங்குகிறது என்பதை இன்னொருவரும் பார்த்துச் சொன்னால், கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்கும்போது காட்ட ஒரு தாளாவது கையில் இருக்கும்.