வாசகர் கேள்விகள்: டைப் மாறிகளை நிரப்பும் வேலை

கேள்வி: பொழுதுபோக்காக ஒரு சின்ன மொழிக்குக் கம்பைலர் எழுதுகிறேன். டைப் இன்ஃபரன்ஸில் (டைப்பை எழுதாத இடத்தில் கம்பைலரே கண்டுபிடிப்பது) ஒரு டைப் மாறிக்கு, அதாவது இன்னும் தெரியாத டைப்புக்கு வைத்த பெயருக்கு, விடை தெரிந்ததும், அதுவரை சேர்ந்த எல்லா டைப்பிலும் அதைத் தேடித்தேடி மாற்றுகிறேன். நிரல் கொஞ்சம் பெரிதானாலே இழுக்கிறது. பெரிய கம்பைலர்கள் எப்படி மாற்றுகின்றன?

பதில்: பெரும்பாலும் மாற்றுவதே இல்லை. கணினி அறிஞர் ராபின் மில்னரின் 1978 கட்டுரையில் டபிள்யூ, ஜே என்று 2 அல்காரிதங்கள் உண்டு. டபிள்யூ ஒவ்வொரு படியிலும் ஒரு சப்ஸ்டிட்யூஷனை (எந்த மாறிக்குப் பதில் எந்த டைப் என்ற பட்டியல்) திருப்பித் தரும், அதை முந்தையதோடு சரியான வரிசையில் இணைக்க வேண்டும், என்விரான்மென்ட் (எந்தப் பெயருக்கு எந்த டைப் என்ற பட்டியல்) முழுக்க ஓட்டவும் வேண்டும். நிரூபணம் எழுத வசதி, ஓட்டிப் பார்த்தால் தலைவலி. ஜே எல்லாருக்கும் பொதுவான ஒரே சப்ஸ்டிட்யூஷனை வைத்துக்கொண்டு அதிலேயே எழுதிக்கொண்டு போகும். நீங்கள் எழுதியிருப்பது டபிள்யூ, எழுத வேண்டியது ஜே.

நடைமுறையில் டைப் மாறி என்பது ஒரு பெட்டி. காலியாக இருக்கும், இல்லையென்றால் உள்ளே இன்னொரு டைப்புக்கு பாயிண்டர் இருக்கும், அவ்வளவுதான். இரட்டை(செ, ம) = செ(செ(ம)) என்ற ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். செ-க்கு அ, ம-வுக்கு ஆ என்று 2 காலிப் பெட்டிகள். உள்ளே இருக்கும் செ(ம)-வின் விடைக்கு இ என்று ஒரு பெட்டி. ஆக அ-வுக்குள் ஆ → இ (ஆ-வை வாங்கி இ-யைத் தரும் ஃபங்ஷன்) போகிறது. வெளியே இருக்கும் செ-யின் விடைக்கு ஈ. இப்போது அ என்பது இ → ஈ ஆகவும் இருக்க வேண்டும். ஆனால் அ ஏற்கெனவே நிரம்பிவிட்டது, அதனால் உள்ளே இருப்பதை எடுத்து ஆ → இ, இ → ஈ இரண்டையும் யூனிஃபை செய்கிறோம், அதாவது இரண்டும் ஒன்றாகும்படி பெட்டிகளை நிரப்புகிறோம்: ஆ-வுக்குள் இ, இ-க்குள் ஈ. மொத்தம் 3 பாயிண்டர் எழுதினோம், பழைய டைப் எதையும் தொடவில்லை. கடைசியில் ம-வின் டைப் என்ன என்று கேட்டால் ஆ-விலிருந்து இ, அங்கிருந்து ஈ என்று நடந்து போய்ப் பார்க்கிறோம், எல்லாமே ஈ என்று தெரிகிறது: செ என்பது ஈ → ஈ, ம என்பது ஈ, விடையும் ஈ.

நடக்கும்போதே ஆ-வை நேராக ஈ-க்குத் திருப்பிவிட்டால் அடுத்த முறை ஒரே எட்டு. குழுக்களை இணைத்துத் தேடும் யூனியன்-ஃபைண்ட் அல்காரிதத்தில் வரும் பாதைச் சுருக்கம் இதுதான். ஒரு விதியை மட்டும் மறக்காதீர்கள்: எந்த டைப்பை யூனிஃபை செய்வதற்கு முன்பும் பாயிண்டர் சங்கிலியின் முடிவு வரை போய்விட்டுத்தான் அது என்ன என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு லாபமும் உண்டு. ஒரு ஃபங்ஷனுக்குள் (ப, ப) என்று ஜோடி, அந்த ஜோடியை வைத்து மறுபடி ஜோடி என்று 20 தடவை போனால், விரித்து எழுதிய டைப்பில் 10,48,576 இலைகள். பாயிண்டராக வைத்தால் 20 கணுக்கள். எல்லாம் முடிந்தபின் பெட்டிகளை நீக்கி நிஜ டைப்பை எழுத ஒரே ஒரு சுற்று போதும், ஹாஸ்கெல் மொழியின் ஜிஹெச்சி கம்பைலரில் அதற்கு ஸாங்கிங் என்று பெயர். அந்தச் சுற்றிலும் ஒரு கணுவைப் பார்த்தால் விடையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மிச்சப்படுத்தியதெல்லாம் அங்கே போய்விடும்.

கேள்வி: செ(செ) என்று எழுதினால் பிழைச் செய்தி அச்சிடும்போது ஸ்டாக் நிரம்பி கம்பைலரே விழுந்துவிடுகிறது.

பதில்: செ-யின் பெட்டி அ, செ(செ)-யின் விடைக்கு ஆ என்றால், அ-வுக்குள் அ → ஆ-வைப் போட்டுவிட்டீர்கள். நிரப்புவதற்கு முன், நிரப்பப்போகும் டைப்புக்குள் அதே பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். 1965-இல் ஆலன் ராபின்சன் யூனிஃபிகேஷன் (யூனிஃபை செய்யும்) அல்காரிதத்தை எழுதியபோதே இந்தச் சுழற்சிச் சோதனை உண்டு. புரோலாக் மொழி வேகத்துக்காக வழக்கமாக இதை விட்டுவிடும், நீங்கள் விடாதீர்கள். அப்புறம், அ-வையும் அ-வையும் யூனிஃபை செய்வது பிழை இல்லை, அதை முதலிலேயே வடிகட்டிவிடுங்கள்.

கேள்வி: அதே(ப) = ப என்ற ஃபங்ஷனை எண்ணோடு ஒருமுறை கூப்பிட்டால் போதும், பிறகு ஸ்ட்ரிங் கொடுத்தால் டைப் பிழை.

பதில்: அதே-வின் டைப் அ → அ, அதில் அ இன்னும் பெட்டியாகவே கிடக்கிறது, முதல் அழைப்பே அதை நிரப்பிவிடுகிறது. விடை தேட வேண்டிய மாறி வேறு, எந்த டைப்புக்கும் பொருந்தும் மாறி வேறு. இரண்டுக்கும் ஒரே டேட்டா டைப்பைப் பயன்படுத்தினால் இந்தக் குழப்பம் கடைசிவரை விடாது. வரையறை முடிந்ததும், மிஞ்சிய காலிப் பெட்டிகளைப் பொது மாறிகளாக்கி எண் கொடுங்கள் (0, 1 என்று). ஒவ்வொரு அழைப்பிலும் அந்த எண்களுக்குப் பதில் புதுப் பெட்டிகளைப் போட்ட நகலை எடுங்கள். சப்ஸ்டிட்யூஷனை நிஜமாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான்.

ஆனால் எல்லாக் காலிப் பெட்டியையும் பொதுவாக்கக் கூடாது. வெளி(ப)-வுக்குள் உள் = ப என்று வைத்தால், உள்-ளின் பெட்டி வெளி-க்குச் சொந்தம். அதைப் பொதுவாக்கினால் ஒரே ப-வை எண்ணாகவும் ஸ்ட்ரிங்காகவும் கம்பைலர் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்ளும். என்விரான்மென்ட் முழுக்கத் தேடித் தீர்க்கலாம், மறுபடி மெதுவாகிவிடும். ஆய்வாளர் டிடியே ரெமியின் வழி, ஓகேமல் மொழியின் கம்பைலர் பின்பற்றுவதும் அதுதான்: ஒவ்வொரு பெட்டியிலும் அது எந்த ஆழத்தில் பிறந்தது என்று ஒரு நிலை எண் வைத்து, வரையறைக்குள் நுழைந்தால் 1 கூட்டி, வெளியே வந்தால் 1 குறைத்து, இப்போதைய நிலையைவிட ஆழமான பெட்டிகளை மட்டும் பொதுவாக்குவது. ஒரு பெட்டியை நிரப்பும்போது, உள்ளே போகும் டைப்பில் இருக்கும் பெட்டிகளின் நிலை இதைவிட ஆழமாக இருந்தால் இதன் நிலைக்கு இறக்க வேண்டும். மேலே சொன்ன சுழற்சிச் சோதனைக்காக எப்படியும் அந்த டைப்புக்குள் நடக்கிறோம், அதே நடையில் முடித்துவிடலாம். மதிப்பை மாற்றக்கூடிய ரெஃபரன்ஸ் உங்கள் மொழியில் இருந்தால் இது போதாது. வரையறையின் வலப்பக்கம் ஃபங்ஷன் அழைப்பாக இருந்தால் பொதுவாக்காதீர்கள்.

கேள்வி: ஓவர்லோடு (ஒரே பெயரில் வேறு வேறு டைப்புக்கான ஃபங்ஷன்கள்) இருந்தால் ஒரு டைப்பை முயன்று பார்த்துவிட்டுப் பின்வாங்க வேண்டுமே, நிரப்பிய பெட்டியை எப்படிக் காலி செய்வது?

பதில்: எந்தப் பெட்டியை மாற்றினீர்கள், அதில் முன்பு என்ன இருந்தது என்று ஒரு பதிவேட்டில் வரிசையாக எழுதி வையுங்கள். முயற்சி தோற்றால் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிவிடுங்கள். ரஸ்ட் கம்பைலரும் இப்படித்தான் பின்வாங்குகிறது. பாதைச் சுருக்கத்தில் திருப்பிய பாயிண்டர்களும் அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் கைவிட்ட முயற்சியின் டைப் வேறெங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும், பிழையைப் பிடிக்க ஒரு வாரம் போய்விடும்.