சிங்கப்பூர் ஃபுல்லர்டன் ஓட்டல் முன்பு என்னவாக இருந்தது? அலுவலகக் கட்டடத்தை ஓட்டலாக்குவதில் என்ன சிரமம்?

அது பொதுத் தபால் நிலையம். 1928-இல் திறந்தார்கள், நீரிணைக் குடியேற்றங்களின் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி) முதல் ஆளுநர் ராபர்ட் ஃபுல்லர்டன் பெயரை வைத்தார்கள். கீழே தபால் கவுன்ட்டர்கள், மேலே சிங்கப்பூர் கிளப், பிறகு வருமான வரி அலுவலகம். தபால் மூட்டைகள் துறைமுகம் போக நிலத்தடிச் சுரங்கப்பாதையும் இருந்தது. ஊரின் சாலைத் தூரங்களையே இங்கிருந்துதான் அளந்தார்கள். கூரையில் 1958-இல் வைத்த கலங்கரை விளக்கை 1979-இல் நிறுத்த வேண்டியதாயிற்று. உயர்ந்த கட்டடங்கள் கடலை மறைத்துவிட்டன.

தபால் நிலையம் 1996-இல் காலி செய்தது. 2001 முதல் 400 அறைகளுள்ள ஓட்டல்.

சிரமம் எங்கே என்றால், அலுவலகத்துக்கு ஒரு தளத்தில் ஓரிரு கழிப்பறைகள் போதும். ஓட்டலில் ஒவ்வோர் அறைக்கும் குளியலறை வேண்டும். அதற்கான குழாய்கள் மேலிருந்து கீழ்வரை நேராக இறங்க, தளம்தோறும் கான்கிரீட்டைத் துளைக்க வேண்டும். குளியலறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அமைக்காவிட்டால் கழிவுக்குழாய் கிடையாக நீண்டு, சரிவு போதாமல் அடைத்துக்கொள்ளும். அடுத்தது வெளிச்சம். அகலமான கட்டடத்தின் நடுப்பகுதிக்கு ஜன்னல் கிடைக்காது. இங்கே நடுவில் பெரிய ஏட்ரியம், அதாவது மேலிருந்து வெளிச்சம் விழும் பல தள உயர உள்முற்றம், வைத்து, உள்பக்க அறைகளை அதைப் பார்த்தாற்போல் திருப்பியது மிகச் சரியான முடிவு. தூண்கள் நிறைந்த முகப்பும் சிதையாமல் தப்பியது. 2015-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள்.